நூற்றில் அறுபத்திரண்டு

பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷினின் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். பேனா மாதிரி இருக்கும், வால் பக்கம் ஒரு கறுப்பு ஒயர். எவர்சில்வரில் முனை பட்டதும், வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இரையும். அறந்தாங்கியில் ஒரு பாத்திரக் கடையில், ஒரு வியாழக்கிழமை காலை, அந்த மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் முதலாளியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டிய தட்டு, தூக்கு, குத்துப்போணி எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. அவற்றோடு ஒரு கடிகாரமும் இருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் கையில் கடிகாரம் கட்டிவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதி மதத்திலும் உள்ள வழக்கம். கொடுக்கிற பொருளில் பெயர் இல்லாவிட்டால் அது கடையில் வாங்கியதா, கடன் வாங்கியதா என்று நாலு பேர் கேட்பார்கள் என்பது முதலாளியம்மாவின் கட்சி. அதனால் பாத்திரத்துக்கு வெட்டுகிற பெயர் கடிகாரத்துக்கும் என்று முடிவாகியிருந்தது.

நான் ஜெகதாப்பட்டினத்தில் முதலாளியின் ஐஸ் கம்பெனியில் கணினி வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடம். அம்மோனியா வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து தலைமுடியில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டடத்துக்கு எதிர்க் கொட்டகையில்தான் அம்மா இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிப் பட்டத்தோடு அங்கே வேலைக்குப் போனபோது எனக்கென்று ஒரு மேசை, சுழலும் நாற்காலி, கண்ணாடிக் கதவு எல்லாம் கிடைத்தன. கொட்டகையில் குந்தியிருந்து வேலை செய்யும் பெண்களுக்குக் கண்ணாடிக்குள் நான் உட்கார்ந்திருப்பது தெரியும். அம்மா நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஆனால் பக்கத்தில் இருப்பவளிடம், "அங்கிட்டுப் பாரு, எம்மக லைட்டப் போட்டுட்டா" என்று சொல்வாளாம். எனக்கு அது போதுமாக இருந்தது. போதுமாக இருந்தது என்றால், அதை இழப்பதைத் தவிர வேறு பயம் எதுவும் அப்போது இல்லை என்று அர்த்தம்.

முதலாளி இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய கடிகாரக் கடையில் வேலை பார்த்தவர். முதலில் தரை துடைத்து, பிறகு கண்ணாடி துடைத்து, கடைசியில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு விற்பனையாளர்களுக்குக் கடிகாரத் தட்டு எடுத்துக் கொடுக்கும் ஆளாக உயர்ந்தவர். விற்கவும் விட்டதில்லை, விலை சொல்லவும் விட்டதில்லை. ஆனால் கையில் வாங்கிய மாத்திரத்தில் ஒரு கடிகாரம் உள்ளே எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு வருடம் ஏதோ ஒரு கம்பெனி, நீல முகப்பில் சிவப்பு விநாடி முள் வைத்து நூறே நூறு கடிகாரம் செய்தது. இனி செய்யமாட்டோம் என்று சொல்லி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எண் பொறித்தது. அந்தக் கடைக்கு இரண்டு வந்தன. ஒன்றை ஒரு பெரிய மனிதர் வாங்கிப்போனார். இன்னொன்றை, ஊர் திரும்புகிற நேரத்தில் கிடைத்த பணிக்கொடை முழுவதையும் போட்டு, தரை துடைக்க வந்த இவர் வாங்கிவிட்டார். பின்புறத்தில் 62/100. முதல்முறை அதை எனக்குக் காட்டியபோது, "நூத்துக்கு அறுபத்திரண்டா முதலாளி? பாஸு, ஆனா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ரொம்பக் கீழ" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒலகத்துல நூறு பேரு புள்ள. அதுல ஒருத்தன் ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் ஒடைக்கிறான்" என்றார்.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கடிகாரத்தை அவர் கையில் கட்டியதில்லை. பின்புறத்தில் கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்ததில்லை. தினமும் கட்டுவது வேறு சாதாரணக் கடிகாரம். கட்ட முடியாத கடிகாரம் என்ன கடிகாரம் என்று எனக்குத் தோன்றும். ஒரே இயந்திரம், ஒரே கண்ணாடி, ஒரே எஃகு. எண்ணை எடுத்துவிட்டால் கடையில் எப்போதும் கிடைக்கிற சரக்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். "நீ படிச்ச காலேஜுலயும் எல்லா பேப்பரும் ஒரே மில்லுதான். ஒன் பட்டத்துல ஒன் பேரு இருக்குல்ல?" என்பார். 

அந்த நூறு பேரில் பதினொரு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். முதலாளிக்கு ஆங்கிலம் எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். நிச்சயதார்த்தத்துக்கு நாலைந்து மாதம் முன்னால் அந்தக் குழு கொதித்துப்போனது. இனி வராது என்று சொன்ன கம்பெனி, அதே நீலம், அதே சிவப்பு முள்ளோடு, எண் மட்டும் இல்லாமல், வழக்கமான தயாரிப்பாகவே வெளியிட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர். வழக்குப் போடுவேன் என்றார் இன்னொருவர். முதலாளி நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று முதலாளியம்மா சொன்னார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "எழுது புள்ள. முள்ளு யாருகிட்ட வேணா இருக்கட்டும், நம்பரு நம்மகிட்டதான் இருக்கு" என்றார். அதற்கு முதலில் கைதட்டல் அனுப்பியவர் கொச்சிக்காரர் ஒருவர். அவர் கையில் இருந்தது அறுபத்தொன்று. இந்தியாவில் இருக்கும் இரண்டும் அடுத்தடுத்த எண்ணா என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். நிச்சயத்துக்குத் தானே வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதாகச் சொன்னார். முதலாளி அந்த நூறில் ஒருவரையும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. மகளின் நிச்சயத்துக்குப் பந்தல் போடுவதைவிட அந்தப் படத்தை எங்கே வைத்து எடுப்பது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

இதில் வேடிக்கை, அத்தனை நாள் கம்பெனியைத் திட்டிவிட்டு, மாப்பிள்ளைக்கு அந்தப் புதுச் சரக்கையே வாங்கினார். மாப்பிள்ளைக்கு அந்தச் சிவப்பு முள் பிடித்துவிட்டது, தன்னுடையதைக் கொடுக்க இவருக்கு மனம் இல்லை. புதியது வந்த அன்றே பின்புறப் பிளாஸ்டிக்கை நகத்தால் உரித்து, கையில் கட்டிப் பார்த்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு, களவாணிப் பயலுக" என்றார். இரண்டு பெட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால், புதிய பெட்டியின் மேல் 'மாப்பிள்ளை' என்று நான் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்.

வியாழக்கிழமை காலை முதலாளி வீட்டில் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திர மூட்டையோடு பஸ் ஏறுகிற நேரத்தில் அவர் போன் செய்தார். "பின்னாடி நம்பர் இருக்கா இல்லையான்னு திருப்பிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ." நான், "நான்தான முதலாளி சீட்டு ஒட்டுனேன்? எனக்குத் தெரியாதா?" என்றேன். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பொருளைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது ஒரு குறைச்சலாகப் பட்டது. முந்தின நாள் உறவுக்காரர்கள் வந்தபோது முதலாளியம்மா இரண்டு கடிகாரத்தையும் வெளியே எடுத்துக் காட்டிவிட்டுப் பெட்டி மாற்றி வைத்தது அப்போது எனக்குத் தெரியாது.

பெயர் வெட்டுகிறவர் வயதான ஆள் இல்லை, முப்பது இருக்கும். பாத்திரங்களை முடித்துவிட்டுக் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். "இங்க ஏற்கெனவே என்னமோ நம்பர் இருக்குதேம்மா" என்றார். நான் தூக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "எல்லா வாட்சுலயும் கம்பெனி நம்பர் இருக்கும்ணே. பக்கத்துல வெட்டுங்க" என்றேன், திரும்பாமலே. மெஷின் இரைந்தது. முடித்து ஊதிவிட்டு, "மேல இருந்த பிளாஸ்டிக்க உரிச்சிட்டேன். பூ ரெண்டு சும்மா போட்டுருக்கேன், கல்யாண விஷயம்ல" என்றார். பிளாஸ்டிக் என்ற சொல் காதில் விழுந்து, அது என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புதிய கடிகாரத்தில் பிளாஸ்டிக் இல்லை. முதலாளி அதை உரித்ததை நானே பார்த்திருக்கிறேன். வாங்கிப் பார்த்தேன். 62/100. அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர், கீழே 'அன்பளிப்பு', இரண்டு பக்கமும் ஐந்து இதழ்ப் பூ. தூக்கிலும் தட்டிலும் இருந்த அதே பூ.

அழிக்க முடியுமா என்று கேட்டேன்.  "தேச்சு எடுக்கலாம்மா. ஆனா அந்த நம்பரும் சேந்து போயிரும்" என்றார். கடையை விட்டு வெளியே வந்து பஸ் நிலையத்தில் மூன்று பஸ்களை விட்டேன். மூட்டை காலடியில் கிடந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சொல்லாமல் விட்டால்? மாப்பிள்ளை கையில் இது ஏறிவிடும், அவருக்கு எண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்காரர் வருவார். முதலாளி தன் பெட்டியைத் திறப்பார். திருப்பிப் பார்ப்பார், பின்புறம் வழுவழுவென்று இருக்கும். பெட்டி மாற்றி வைத்தது முதலாளியம்மாவாகத்தான் இருக்கவேண்டும், அது தெரியவரும். நான் தப்பித்துவிடலாம். என்னிடம் போனில் சொன்னது முதலாளிக்கு நினைவு வராதவரை தப்பித்துவிடலாம். அவருக்கு எதுதான் மறந்திருக்கிறது?

வீட்டில் பெட்டியைக் கொடுத்தபோது முதலாளியம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "எழுத்து முத்துமுத்தா இருக்குடி" என்றார். பெட்டியைத் திறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவி திரும்பிய சத்தத்தோடு நான் வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. "ஆபீசுல ஏதும் பேசுனாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை. படித்த பிள்ளையின் கவலை தனக்குப் புரியாது என்று அவளாகவே முடிவுசெய்திருந்தாள்.

மறுநாள் துறைமுகமே வேறு கவலையில் இருந்தது. புதன்கிழமை போன இரண்டு படகுகள் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் பேச்சு வேறு எங்கேயும் போகாது. பெண்கள் மணலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமல், மீனவர் சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். யாருக்கும் கடிகாரம் நினைவில் இல்லை. கண்ணாடிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படகுகள் இன்னும் இரண்டு நாள் கழித்து வரட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நிச்சயம் தள்ளிப்போகும், கொச்சிக்காரர் வரமாட்டார். அப்படி நினைத்துவிட்டு எதிர்க் கொட்டகையைப் பார்த்தால், அந்தப் படகில் போனவர்களில் ஒருவரின் மனைவிக்கு அம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்கிற நேரத்துக்கு இரண்டு படகும் வந்துவிட்டன. ஒன்றுக்கு என்ஜின் கோளாறு, இன்னொன்று கட்டி இழுத்து வந்திருக்கிறது. கரையில் அழுகையும் சிரிப்பும் ஏச்சும் ஒன்றாகக் கேட்டன. நான் வெளியே போகவில்லை.

சனிக்கிழமை மதியம்தான் சொன்னேன். ஐஸ் பார் உடைப்பவர்களைச் சத்தம் போட்டுவிட்டு முதலாளி உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். பஸ் ஏறும்போது அவர் சொன்னது, நான் பார்க்காதது, மெஷின்காரர் கேட்டது, நான் திரும்பாமல் பதில் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முதலாளியம்மா மாற்றி வைத்திருப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை.  வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை எடுத்துத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார்.

"பூ யாரு போடச் சொன்னா?"

"அவரே போட்டாரு முதலாளி. சும்மா."

"சும்மாவா" என்றார். பிறகு, "தட்டுல போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் அழுதுவிட்டேன். "இப்ப எதுக்கு அழுவுற? அழுதா அழியுமா? போன எடு. கொச்சிக்காரருக்குப் போடு. நீயே இங்கிலீசுல சொல்லு."

ஒலிபெருக்கியில் போட்டுச் சொன்னேன். பள்ளியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய என் ஆங்கிலம், இரண்டு வாக்கியத்துக்கு மேல் நிற்கவில்லை. எண் சேதமாகிவிட்டதா என்று அவர் கேட்டார். இல்லை, பக்கத்தில் பெயர் இருக்கிறது என்றேன். யாருடைய பெயர், என்ன மொழி, எவ்வளவு ஆழம் என்று கேட்டார். பிறகு, நாளை வேறு ஒரு வேலை வந்துவிட்டது, இன்னொரு முறை பார்க்கலாம், மகளுக்கு வாழ்த்துகள் என்று மிக மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். முதலாளிக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "அந்தக் குரூப்பவிட்டு வெளிய வர்றதுக்கு எத அமுக்கணும்?" என்று கேட்டார். நான்தான் அமுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அந்த அறுபத்திரண்டைத்தான் மாப்பிள்ளை கையில் முதலாளி கட்டினார். "பேரு யாருதோ பொருள் அவருக்குத்தான்" என்று வீட்டில் சொல்லிவிட்டார். எண் இல்லாத புதியதைத் தன் கையில் கட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரிலும் உப்புக் காற்றிலும் அலைந்தார். மாப்பிள்ளைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவர் அதைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பணிமனையில் வேலை பார்க்கிறார் என்று கேள்வி.

என் மேசை போகவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் நீட்டிய ஒரு தாளையும் முதலாளி திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. கையெழுத்துக்கு ரசீது வைத்தால் பின்பக்கம் பார்ப்பார், காலியாகத்தான் இருக்கும். கடிதம் தட்டினால் பிரிண்ட் எடுத்து, பக்கத்துக் கடையில் பத்தாவது படித்த கணக்கரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்வார். கணக்கர் என்னைப் பார்த்து, "பி.காம் எழுதுனத எஸ்.எஸ்.எல்.சி. செக் பண்ணுது" என்று பல்லைக் காட்டுவார். முதலாளி அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. திட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். இரண்டு வருடம், ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் அவர் விரல் தடவியது. கண்ணாடிக்கு வெளியே அம்மா அதே பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் சேர்ந்துவிட்டேன். போகிறேன் என்று சொன்னபோது, "வாரேன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு நாள் காலை, பத்தரை மணி இருக்கும், என் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒருவர் முறை வந்ததும் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் முதலாளி. தாடி முழுக்க வெள்ளை. ஏதோ படிவம் கொண்டுவந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னார். அந்தப் பயணம் போகிறவர்கள், தாங்கள் யார் மனதையாவது நோகடித்திருந்தால் வீடு தேடிப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மீன் கடைக்காரரிடமும் ஐஸ் உடைப்பவரிடமும் கேட்பார்கள். என்னிடமும் கேட்க ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ரெண்டு வருசம் ஒன் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒனக்கு மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். மாப்பு செஞ்சுரு புள்ள."

பின்னால் வரிசை நின்றது. என் மேலதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார்.  "நீங்க போயி எங்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் பேசாத. செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னாத்தான் நான் பஸ் ஏறமுடியும், இன்னும் திருவரங்குளத்துல ரெண்டு பேரப் பாக்கணும்" என்றார். செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு கையில் மணி பார்த்தார். எண் இல்லாத அந்தக் கடிகாரம்தான், கண்ணாடியில் ஒரு நீளக் கீறல். திரும்பி நடக்கத் தொடங்கியவரை நான் மேசையைச் சுற்றி வந்து மறித்தேன். நாலு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

"முதலாளி, அப்ப என்னைய நீங்க மாப்பு செஞ்சீங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ வந்தது. சிரிப்பா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

"நீ எங்க புள்ள ஹஜ்ஜுக்குப் போற? போறப்பக் கேளு" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.